முளைப்பாரி அறையும் டியூப்லைட்டும்

பங்குனி பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் சுற்றுவட்டாரத்து ஊர்களில் மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டுவார்கள். சாட்டிய கையோடு முளைப்பாரி போடும் வேலையும் தொடங்கிவிடும். மண் ஓட்டில் வைக்கோல் பரப்பி, கரம்பை மண்ணும் தூளாக்கிய ஆட்டு எருவும் போட்டு, ஊறவைத்த தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சையை நெருக்கமாகத் தூவி, சன்னல் சாத்திய அறைக்குள் வைப்பார்கள். விரதம் இருக்கும் பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். எட்டு, ஒன்பது நாள் கழித்துக் கதவு திறக்கும்போது முளை ஒரு சாணைத் தாண்டி, வெளிர்மஞ்சளாக, கம்பி நட்டதுபோல் நெருக்கமாக நிற்கும். தெருவில் அந்த ஊர்வலத்தைப் பார்க்கும் யாருக்கும் ஒரு கேள்வி வந்திருக்கும். அதே பயறை அதே நாளில் கொல்லையில் வெயிலில் விதைத்தால் பாதி உயரம்கூட வராது. வெயிலில்லாமல் பயிர் வளராது என்றுதானே பள்ளியில் படித்தோம்? இருட்டில் எப்படி இரண்டு மடங்கு வளர்கிறது?

மடவார் வளாகத்துத் தெரு வீடு ஒன்றில் தக்காளி விதையைக் குழித்தட்டில் போட்டு, எறும்புக்கும் அணிலுக்கும் பயந்து கூடத்து டியூப்லைட்டுக்குக் கீழே வைப்பவருக்கும் இதே புதிர்தான், தலைகீழாக. நாலாம் நாள் முளைக்கிறது. ஏழாம் நாள் நூல்போல நெடுநெடுவென்று நீள்கிறது. பத்தாம் நாள் தலை பாரம் தாங்காமல் சாய்ந்துவிடுகிறது. முளைப்பாரியில் வேண்டி விரும்பி வரவழைப்பது இங்கே வேண்டாத விருந்தாளியாக வந்து நிற்கிறது.

இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் வீட்டுக்குள் விளக்கு வைத்து நாற்று வளர்ப்பானேன் என்று கேட்கலாம். மொட்டை மாடியும் நிழல்வலையும் இருந்தால் அங்கேயே வளர்ப்பதுதான் சரி. அதற்கு ஈடான விளக்கு கிடையாது. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் முளை கருகுகிறது, ஐப்பசி அடைமழையில் விதை மண்ணோடு கரைந்து போகிறது, வாடகை வீட்டில் மாடிச் சாவி நம்மிடம் இல்லை. டொராண்டோவில் இருக்கும் தமிழருக்கோ மார்ச் மாதம் வெளியே பனி. கத்தரியும் மிளகாயும் வீட்டுக்குள் முளைத்தால்தான் கோடையில் காய்க்கும்.

உயரம் வேறு, வளர்ச்சி வேறு

முளைப்பாரி வளரவில்லை, நீள்கிறது. ஒன்பதாம் நாள் முளையையும் வெயிலில் வளர்ந்த அதே வயதுக் கன்றையும் காயவைத்து எடை போட்டால் உயரமானதுதான் இலேசாக இருக்கும். தண்டிலுள்ள செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கிற செல்களே தண்ணீரை இழுத்து, சுவரைத் தளர்த்தி, பல மடங்கு நீளமாகிவிடுகின்றன. அந்த நீட்சிக்கான செலவு முழுவதும் விதைக்குள் இருந்த கையிருப்பிலிருந்து போகிறது.

இதை இருள்நீட்சி என்று அழைப்போம். நோயோ பலவீனமோ அல்ல இது. மண்ணுக்கடியில் முளைக்கும் விதைக்கு மேலே எவ்வளவு மண் இருக்கிறது என்று தெரியாது. வெளிச்சம் தட்டும்வரை கையிலிருக்கும் உணவையெல்லாம் உயரத்தில் கொட்டுவதுதான் அதற்குள்ள ஒரே வழி. அதனால் இலை விரிக்காது. விரித்தால் மண்ணில் கிழியும். தலையைக் கொக்கிபோல வளைத்து வைத்துக்கொண்டு, வளைவால் மண்ணை முட்டித் தள்ளும். பச்சையம் தயாரிக்காது; பூக்கும் தாவரங்களில் பச்சையத் தயாரிப்பின் கடைசிக் கட்டங்களில் ஒன்று ஒளி பட்டால்தான் நடக்கும். முளைப்பாரியின் மஞ்சள், பச்சை வராததால் வெளியே தெரியும் மற்ற நிறமிகளின் மஞ்சள்தான். ஊர்வலத்துக்கு எடுத்து வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் பச்சை ஏறத் தொடங்கிவிடும்.

முளைப்பாரிக்குப் பயறு வகையை ஏன் எடுத்தார்கள் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஒரு தட்டைப்பயறு நூறு மில்லிகிராமுக்கு மேல் எடை இருக்கும். தக்காளி விதையோ மூன்று மில்லிகிராம். ஒரு கிராமில் ஏறக்குறைய முந்நூறு விதை நிற்கும். பயறு ஒன்பது நாள் இருட்டைத் தாங்கும். தக்காளிக்கு அவ்வளவு வசதி கிடையாது. மண்ணைவிட்டுத் தலை நீட்டியபின் ஓரிரு நாள் வெளிச்சம் தட்டாவிட்டால் சேமிப்பு முழுவதும் தண்டில் கரைந்து, வேருக்கும் இலைக்கும் மிச்சமில்லாமல் போய்விடும்.

நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி விதை போட்டபின், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலிதீன் தாளால் மூடி வைப்பார்கள். உள்ளே சூடும் ஈரமும் தங்கி முளைப்பு ஒரே சீராக வரும். அடுக்கைப் பிரிக்கும் நாளைத் தவறவிடுவதுதான் அந்தத் தொழிலில் பெரிய நஷ்டம். முதல் கொக்கிகள் தெரியும்போதே பிரித்துப் பரப்ப வேண்டும். ஒரு ராத்திரி தள்ளிப்போனால் காலையில் தட்டு முழுக்க வெள்ளைத் தண்டுதான் இருக்கும்.

செவ்வொளியும் கடைச்சிவப்பும்

செடிக்குக் கண் இல்லை. பிறகு வெளிச்சம் வந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறது?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு 1952-இல் லெட்டூஸ் கீரை விதைகளை வைத்து ஒரு சோதனை செய்தது. ஈரமான விதைமேல் கொஞ்ச நேரம் சிவப்பு ஒளி பட்டால் முளைத்தது. சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக இருக்கும் ஒளியை அதன்பின் காட்டினால் முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு காட்டினால் முளைத்தது. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்துகொண்டது. பார்வையின் கடைசி விளிம்பில் நிற்கும் அந்த ஒளியை இங்கே கடைச்சிவப்பு என்போம்.

இரண்டுக்கும் இடையில் மாறி மாறிச் சாயும் ஒரு நிறமி செடிக்குள் இருக்கவேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். 1959-இல் அதைக் கருவியில் பிடித்தும் விட்டார்கள். அதற்கு உதவியது இருட்டில் வளர்த்த மக்காச்சோள முளை. பச்சையம் இருந்தால் அது சிவப்பு ஒளியை விழுங்கி இந்த நிறமியை மறைத்துவிடும். வெளிறிய முளையில்தான் அது தனியாகத் தெரிந்தது. பைட்டோகுரோம் என்று அதற்குப் பெயர். செவ்வொளி பட்டால் விழித்த நிலைக்கு மாறி ‘நீள்வதை நிறுத்து, இலையை விரி’ என்று கட்டளையிடும். கடைச்சிவப்பு பட்டாலோ, நெடுநேரம் இருட்டில் கிடந்தாலோ உறங்கும் நிலைக்குத் திரும்பும். தண்டு மறுபடி நீளத் தொடங்கும். நீல ஒளிக்கெனத் தனியாக வேறு உணரிகள் உண்டு. அவற்றுள் கிரிப்டோகுரோம் எனப்படும் ஒன்று, நீல ஒளி தாராளமாக இருந்தால் தண்டைக் குட்டையாகப் பிடித்து வைக்கும்.

செண்பகத்தோப்பு நிழல்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைகிறது. அதோடு நிறமும் மாறுகிறது. மேலேயுள்ள இலைகள் சிவப்பையும் நீலத்தையும் தின்றுவிட்டு, கடைச்சிவப்பைத் தொடாமல் கீழே அனுப்புகின்றன. திறந்தவெளியில் இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும்; அடர்ந்த இலைக்கூரையின் கீழே கடைச்சிவப்பு பல மடங்கு மிகுந்திருக்கும். கீழே முளைக்கும் கன்று தனக்குமேல் யாரோ நிற்கிறார்கள் என்று அதிலிருந்து அறிந்து, முந்திக்கொண்டு மேலே போகப் பார்க்கும்.

நிழல் விழும்வரைகூட அது காத்திருப்பதில்லை. கார்லோஸ் பாயாரே என்ற அர்ஜென்டினா விஞ்ஞானியும் சகாக்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பும் கடைச்சிவப்பே போதும் என்று காட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழாத வயதிலேயே கன்றுகள் நீளத் தொடங்கின. தண்டைச் சுற்றிக் கடைச்சிவப்பை வடிகட்டிவிட்டால் அந்த வேகம் அடங்கியது. முளைப்பாரியில் இருட்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. வெளிச்சத்தில் வளரும் குழித்தட்டிலோ நெருக்கம் தனியாகவே வேலை செய்யும். ஒரு குழியில் மூன்று விதை விழுந்திருந்தால் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். மனசு வராது; ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

வெள்ளை எல்இடி விளக்கில் கடைச்சிவப்பு மிகவும் குறைவு. பழைய குண்டு பல்பில் அது ஏராளம்; அதனடியில் வளர்த்தால் நாற்று நீளாமல் என்ன செய்யும்? எல்இடியின் கீழே நாற்று நீண்டால் நிறத்தின்மேல் பழிபோட முடியாது. அநேகமாக வெளிச்சம் போதவில்லை என்றுதான் பொருள்.

கண் காட்டும் கணக்கு

‘கூடத்தில் நல்ல வெளிச்சம்தானே இருக்கிறது’ என்பதுதான் எல்லோரும் சொல்வது. இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது.

மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலுக்குக் காலை பத்து மணி வெயிலில் நடந்துபோய்ப் பாருங்கள். வெளியே எழுபதாயிரம் லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருக்கும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. சன்னிதி முன்னால் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அது சில பத்துகளுக்கு இறங்கிவிடும். ஆயிரம் மடங்குக்குமேல் குறைந்தும், ஒரு நிமிடத்தில் கண் பழகி, பக்கத்தில் நிற்பவர் முகத்தை அடையாளம் காண்கிறோம். செடிக்கு அப்படிச் சரிக்கட்டிக்கொள்ளும் வசதி இல்லை. விழுந்த ஒளி எவ்வளவோ அவ்வளவுதான் அதற்குச் சாப்பாடு.

இப்போது அந்தக் கூடத்துத் தக்காளித் தட்டை எடுத்துக்கொள்வோம். நான்கடி நீளம், 20 வாட், 2,000 லூமன் என்று அட்டையில் போட்டிருக்கும் சாதாரண எல்இடி டியூப். தட்டு அதற்கு இரண்டு மீட்டர் கீழே இருக்கிறது. கணக்குப் போட்டால் தட்டின்மேல் விழுவது 150 லக்ஸ் அளவுதான். பச்சை பிடிக்கவும் இலை விரியவும் அது போதும். அதனால்தான் நாற்று முளைப்பாரிபோல மஞ்சளாக இல்லாமல் பச்சையாகவே நீள்கிறது, நாமும் வெளிச்சம் போதுமென்று நம்பிவிடுகிறோம். நீட்சியை நிறுத்த அது போதாது. ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸுக்குக் கீழே போனால் தக்காளி இலை சமைப்பதைவிடத் தின்பது அதிகமாகிவிடும்.

அதே விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் 2,600 லக்ஸ். பதினைந்து சென்டிமீட்டரில், அதாவது முக்கால் சாண் உயரத்தில், 5,500 லக்ஸ். காசு செலவில்லாமல் வெளிச்சம் முப்பத்தைந்து மடங்குக்குமேல் ஏறிவிட்டது. பக்கத்தில் இன்னொரு டியூபைச் சேர்த்தால் பத்தாயிரத்தை நெருங்கலாம். எல்இடி பெரிதாகச் சுடாது என்பதால் இத்தனை கிட்டத்தில் வைத்தாலும் இலை கருகாது.

அளவோடு நேரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். தெளிந்த வானத்தின் கீழ் ஒரு நாள் முழுக்க விழும் வெளிச்சத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 6 லட்சம் லக்ஸ்-மணி வரும். நம் இரண்டு டியூபும் 16 மணி நேரம் எரிந்தால் ஒன்றரை லட்சம். வெளியே கிடைப்பதில் கால் பங்கு. குட்டை நாற்றுக்கு அது தாராளம். கூடத்து விளக்கு அதே 16 மணி நேரம் எரிந்தாலும் 2,400-தான் தரும். ‘ராத்திரி பூராவும் விளக்கைப் போட்டு வைத்தேன், அப்படியும் நீண்டுவிட்டது’ என்று வருத்தப்படுபவர்களுக்கு விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. 24 மணி நேரமும் எரியவிடுவதும் சரியல்ல. இடைவிடாத ஒளியில் தக்காளி இலை வெளுத்துப் பழுதாகும். கரண்டு கணக்கும் பயப்படும்படி இல்லை. 40 வாட், 16 மணி நேரம், 25 நாள் என்றால் மொத்தமே 16 யூனிட்.

விளக்கு வாங்கும்போது அட்டையில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருப்பதை எடுங்கள். மஞ்சள் சாயல் அடிக்கும் ‘வார்ம் ஒயிட்’டைவிட அதில் நீல ஒளி அதிகம், தண்டைக் குட்டையாக்குவது அதுதான். செடி வளர்ப்புக்கென்றே ஊதா நிறத்தில் விற்கும் விளக்குகளைப் பற்றி என் அபிப்பிராயம்: வேலை செய்யும், ஆனால் ஒரு குழித்தட்டுக்கு அந்த விலை தேவையில்லை. அந்த நிறத்தில் இலையின் நோய் நொடியும் கண்ணுக்குத் தெரியாது.

நாற்று வளர வளர விளக்கையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். சன்னலோரம் வைப்பவர்களுக்கு வேறு தொல்லை: நாற்று சன்னல் பக்கம் சாயும். முளையின் நுனிதான் ஒளி வரும் திசையை அறிகிறது என்பதை 1880-இலேயே சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளைகளின் நுனிக்குச் சிறு தொப்பி மாட்டிச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். விளக்கு நேர் மேலே இருந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

ராஜபாளையத்து ராத்திரி

வெளிச்சத்தைச் சரிசெய்தும் சித்திரை மாதத்தில் நாற்று நீள்வதுண்டு. காங்கிரீட் கூரை பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்து ராத்திரி முழுக்க அறைக்குள் விடுகிறது. 2016-இல் கேம்பிரிட்ஜிலும் புவனோஸ் அயர்ஸிலும் இருந்த இரு குழுக்கள், பைட்டோகுரோம் ஒளியை மட்டுமல்ல, வெப்பத்தையும் உணர்கிறது என்று காட்டின. விழித்த நிலையிலிருக்கும் நிறமி இருட்டில் தானாகவே உறக்கத்துக்குத் திரும்பும் என்று பார்த்தோம். அந்தத் திரும்பல் சூட்டில் வேகமாக நடக்கும். புழுக்கமான இரவைச் செடி கிட்டத்தட்ட நிழலாகவே எடுத்துக்கொள்கிறது. முளைத்தபின் தட்டை வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த மூலைக்கு, தரையோரமாக மாற்றுவது நல்லது. முளைக்கும்வரை சூடு வேண்டும், முளைத்தபின் வேண்டாம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

தண்ணீரும் உரமும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாற்று மெலிந்திருக்கிறதே என்று யூரியாக் கரைசல் ஊற்றினால் இன்னும் மெலிந்து நீளும். சதா ஈரமாக வைத்தாலும் அப்படித்தான், கூடவே நாற்றழுகல் வரும்.

காற்றின் பங்கு

எந்தப் பழைய கோபுரத்தின் இடுக்கிலும் ஓர் அரசங்கன்று நிற்கும். மண்ணே இல்லாத இடத்தில், குட்டையாக, முறுக்கேறிய தண்டோடு. வெயிலும் வறட்சியும் ஒரு காரணம். ஓயாமல் அடிக்கும் காற்று இன்னொன்று. தொடுவதும் அசைப்பதும் தண்டைக் குட்டையாக, பருமனாக ஆக்குகின்றன என்பதை 1973-இல் மார்க் ஜாஃபே என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் எழுதினார். அவர் செய்தது தண்டை நாள்தோறும் விரலால் சில நொடி தேய்த்ததுதான். அசைவு பட்ட செடி நீளத்துக்கான செலவைச் சுருக்கித் தண்டைப் பலப்படுத்துகிறது.

சாத்திய அறையில், யாரும் கை வைக்காமல் நிற்கும் முளைப்பாரிக்கு இந்தச் செய்தியும் போய்ச் சேர்வதில்லை. இருட்டு, நெருக்கம், புழுக்கம், ஈரம், அசையாக் காற்று என்று நீட்சிக்கு வேண்டிய அத்தனையையும் ஓர் அறைக்குள் கூட்டிவைத்த அந்தப் பெண்களின் கைப்பக்குவத்தை நான் வியக்கிறேன். நாற்று வளர்ப்பவர் அதில் ஒவ்வொன்றையும் புரட்டிப் போட வேண்டும். ஒரு மேசை விசிறியை மெல்ல ஓடவிட்டு, இலை நடுங்கும் தூரத்தில் வையுங்கள். விசிறி இல்லாவிட்டால், காலையிலும் மாலையிலும் நாற்றின் நுனிகளை உள்ளங்கையால் சில தடவை வருடிவிட்டாலும் போதும். ஈர இலையில் மட்டும் செய்ய வேண்டாம், நோய் பரவும்.

நீண்டுவிட்டதை என்ன செய்வது?

ஒருமுறை நீண்ட செல் சுருங்காது. இன்றைக்கு விளக்கை இறக்கினால் இனி வரும் கணுக்கள்தான் குட்டையாக வரும். கீழே இருக்கும் நூல்தண்டு நூல்தண்டாகவே இருக்கும். தக்காளி மட்டும் விதிவிலக்கு. அதன் தண்டு மண் பட்ட இடத்திலெல்லாம் வேர்விடும். விதையிலை வரைக்கும் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட்டால், வீணான நீளம் வேராகிப் பயன்படும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்தச் சாமர்த்தியம் குறைவு; கொஞ்சம் ஆழம் தாங்கும், அவ்வளவுதான். கீரையும் முள்ளங்கியும் நீண்டுவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி விதைப்பதே மேல்.

நல்ல நாற்றையும் விளக்கடியிலிருந்து நேரே வெயிலுக்குத் தூக்கிப் போகக்கூடாது. பத்தாயிரம் லக்ஸில் விரிந்த இலைமேல் ஒரு லட்சம் லக்ஸ் விழுந்தால் ஒரே மதியத்தில் வெந்துபோகும். முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டி, ஒரு வாரத்தில் பழக்க வேண்டும். தக்காளி 25 நாளில் நடவுக்கு வரும். மிளகாய்க்கு 35 நாளுக்குமேல் ஆகும். நடும் நாளில் மாலை வெயில் தாழ்ந்தபின் நட்டு, தண்ணீர் விட்டு, மறுநாள் பகலில் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கொடுத்தால் போதும்.